அளவறிதல் யார் கடன்?

அண்மைக் காலத்தில் நமது தமிழில் ஒருவகைக் கட்டுரை பல்கிப் பெருகி வருகின்றது. பாடசாலைச் சஞ்சிகைகளிலும், சுற்றாடல் தினச் சிறப்பு மலர்களிலும், ஞாயிறு பத்திரிகைகளின் மாதர் பகுதிகளிலும், திணைக்களங்கள் வெளியிடும் துண்டுப் பிரசுரங்களிலும் அதனைக் காணலாம். தலைப்பு இடத்துக்கிடம் சற்று மாறும்; பொருள் ஒன்றே. அன்றாட இல்வாழ்வில் நிலைபேறு என்பதே அப்பொருள். திருக்குறள் ஒன்றுடன் கட்டுரை தொடங்கும். நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் வாக்கியம் இரண்டாவது பந்தியில் தவறாது வந்து நிற்கும். அதன்பின் அறிவுரைகள்: குழாயை மூடுக, விளக்கை அணைக்க, பொலித்தீனைத் தவிர்க்க, சமையற் கழிவைப் பசளையாக்குக. ஈற்றில் வருங்காலச் சந்ததி வந்து கட்டுரையை முடித்து வைக்கும்.

இதனையெல்லாம் எழுத்தென்று கொண்டு விமர்சிப்பதா என நண்பர் சிலர் வினவக்கூடும். நாவலையும் கவிதையையும் மட்டுமே விமர்சனத்துக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழ வேரூன்றிவிட்டது. ஆனால் நமது மாணவர் தம் வாழ்நாளில் எழுதும் எழுத்தில் பெரும்பகுதி இத்தகைய கட்டுரைகளே. உலகத்தை எவ்வாறு பார்ப்பது, எதைக் காணாது விடுவது என்பதை அவர்கள் இங்குதான் கற்றுக்கொள்கின்றனர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் அக்கற்பித்தலில் நமக்கும் பங்குண்டு. அதனை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

முதலிற் குறளைப் பார்ப்போம். இவ்வகைக் கட்டுரைகள் மிகவும் விரும்பி எடுத்தாளுவது, தன் அளவை அறிந்து வாழாதவனது வாழ்க்கையைப் பற்றிய குறளாகும். அது நூலில் எங்கே நிற்கின்றது எனப் புரட்டிப் பார்ப்பவர் சிலரே. அறத்துப்பாலில், இல்லறவியலில் அது இல்லை. பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் உள்ளது. மாற்றார்மேற் செல்ல நினைக்கும் அரசன் தன் ஆற்றலையும் பகைவன் ஆற்றலையும் எடைபோட வேண்டும் என்பதை உரைக்கும் அதிகாரம் அது. வள்ளுவர் ஆள்வோனுக்குச் சொன்னதை நாம் எடுத்துவந்து, அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். குறள் எவருக்கும் பொருந்தும் என்பர். பொருந்தட்டும், ஆனால் அதனை முதலிற் கேட்க வேண்டியவரைத் தப்பவிடுவதற்கு அது நியாயமாகாது.

அளவறியாமைக்கு நமது நாடு அண்மையிற் கண்ட உதாரணம் எந்தக் குசினியிலும் நிகழவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. சேதனப் பசளை நாடு என்பது அன்றைய முழக்கம். கந்தளாயிலும் மூதூரிலும் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்த வேண்டிய காலத்தில், இட வேண்டிய பசளை எங்கிருந்து வரும் என்பதற்கு விடையிருக்கவில்லை. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அதற்குள் வயலும் விவசாயியும் பட்டது பட்டதுதான். மண்ணைக் காக்க வேண்டும் என்ற கருத்துத் தவறென நாம் கூறவில்லை; ஆற்றலை எடைபோடாது மேற்சென்ற அரசனது செயல் அது என்கிறோம். மறு ஆண்டு யூன் மாதத்தில் அதே அரசு, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரச ஊழியருக்கு விடுமுறை கொடுத்தது. நாட்டின் உணவுப் பிரச்சினை இவ்வாறு வேலிக்கரைக் கத்தரிச் செடியின் பொறுப்பாயிற்று.

இனி, நமது வகுப்புக்கு வருவோம். பத்தாந் தர மாணவருக்கு ஒருமுறை இத்தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னோம். 38 கட்டுரைகள் வந்தன. அவற்றுள் 37 கட்டுரைகள் ஒரே தாயின் பிள்ளைகள் போன்றிருந்தன. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. கரும்பலகையிற் குறிப்புகளை எழுதிப் போட்டது நாமே. எஞ்சிய ஒன்றை, துறைமுகத்தை அண்டிய கரையோரக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அதிற் குறள் இல்லை, முன்னோரும் இல்லை. 2022ஆம் ஆண்டில் தன் வீட்டில் நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் சென்றிருந்தாள்.

வெறுமையான எரிவாயு சிலிண்டரின்மேல் பழைய சீலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் தம்பியின் புத்தகங்களை வைத்தார்களாம். மண்ணெண்ணெய்க்கு விடியற்புறம் வரிசையில் நின்ற தந்தை, பிறருடைய படகிற் கூலிக்குச் செல்பவர்; படகுக்கே எண்ணெய் இல்லாதபோது அவருக்குத் தொழிலும் இல்லை. பொச்சுமட்டை, பனம்மட்டை, உடைந்த மீன்பெட்டிப் பலகை என அகப்பட்டதையெல்லாம் தாய் எரித்தாள். சமையல் ஒரு வேளையாயிற்று. அரிசி கழுவிய நீர் பாத்திரத்துக்கும், பாத்திரம் கழுவிய நீர் வாசலில் நின்ற முருங்கைக்கும் போயிற்று. லன்ச் சீற்றைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். மின்சாரம் இல்லாத இரவுகளில் எல்லாரும் நேரத்தோடு படுத்தார்கள். கட்டுரையின் கடைசிக்கு முன் வரி: அம்மாவுக்கு அன்று தொடங்கிய இருமல் இன்னும் நிற்கவில்லை.

அந்த வரியின் அருகே சிவப்பு மையால், தலைப்புக்கு அப்பாற் செல்கின்றது என எழுதி, இருபதுக்கு ஒன்பது புள்ளி இட்டோம்.

பல மாதங்களின் பின் வேறொன்றைத் தேடும்போது அத்தாள் மீண்டும் கண்ணிற் பட்டது. அப்போதுதான் நாம் செய்ததன் தன்மை விளங்கிற்று. 37 கட்டுரைகளும் எவற்றையெல்லாம் செய்ய வேண்டும் என்றனவோ, அவை அனைத்தையும் அந்த வீடு செய்துவிட்டது. நீரை மிச்சப்படுத்திற்று, மின்சாரத்தை மிச்சப்படுத்திற்று, இறக்குமதி எரிபொருளை விட்டது, ஒருமுறை பாவித்து எறியும் பொருளைப் பலமுறை பாவித்தது. அவ்வாறாயின் நிலைபேறான இல்லத்துக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு இருக்க முடியாதன்றோ? இருந்தும் அக்கட்டுரை தலைப்புக்குள் அடங்கவில்லை என்றால், தலைப்பு யாருடைய வீட்டை மனங்கொண்டு அமைந்தது என்ற கேள்வி எழுகின்றது. மிச்சப்படுத்துவதற்கு ஏற்கனவே மிகுதியாக வைத்திருக்கும் வீட்டையே அது கருதிற்று. இல்லாதவனின் சிக்கனம் அதன் கண்ணுக்கு வறுமையாக மட்டுமே படுகின்றது.

அக்காலத்து விலைகளை இங்கு நினைவுகூர்தல் நலம். மறதி நமக்கு விரைவில் வந்துவிடுகின்றது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்கு விற்றது. 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபா. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்து, 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபா ஆயிற்று. மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. இவ்வளவும் நடந்தபோது, நம் துறைமுகத்தின் சீனக்குடாப் பகுதியில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன் தம் கடற்படைக்கெனக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் குண்டு வீசியபோது ஒரு தாங்கி அழிந்தது. மற்றவற்றிற் பெரும்பாலானவை காடு மூடிக் கிடந்தன. 2022 சனவரியில் 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என ஒப்பந்தமாயிற்று. ஆறு மாதத்துள், அத்தாங்கிகளைக் கடந்து செல்லும் தெருவிலே மக்கள் கான்களுடன் வரிசையில் நின்றனர்.

இருமலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். விறகடுப்பைப் போற்றி எழுதுவோர் பலர் அதன் முன் அமர்ந்து ஊதியவர் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வீட்டினுள் எழும் சமையற் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் இறந்தோர் ஏறக்குறைய 32 இலட்சம் பேர். அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். மூன்று கல்லடுப்பில் எரியும் விறகின் வெப்பத்திற் சிறு பகுதியே பானையைச் சேர்கின்றது. மிகுதி சுற்றிவரப் போகின்றது, புகை சமைப்பவளின் நெஞ்சுக்குள் போகின்றது. எனவே இயற்கை எரிபொருள் என்ற ஒரே காரணத்தால் அது நிலைபேறாகிவிடாது. சமைப்பவளின் நுரையீரல் நிலைபெற வேண்டாமா?

இக்கேள்வியைக் கேட்டோர் நம்மவரிடையே இல்லாமலில்லை. தஞ்சாவூரிற் பிறந்து, இலண்டனிற் கணக்கியல் பயின்று, பின் காந்தியுடன் சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்த ஜே. சி. குமரப்பா 1945இல் எழுதிய நூலின் பெயரே நிலைத்த பொருளாதாரம் என்பதாகும். நிலைபேறான அபிவிருத்தி என்னும் தொடரை ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1987இல் உலகறியச் செய்தது. அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், சிறையிலிருந்து ஒரு தமிழர் அப்பொருளை நூலாக்கிவிட்டார். நமது கட்டுரைகளில் அவர் பெயர் வருவதில்லை. அவர் பணிபுரிந்த வார்தாவின் மகன்வாடியில் மேம்பட்ட அடுப்பு உருவாக்கும் முயற்சியும் நடந்தது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலாளர் புகையற்ற அடுப்பைப் பற்றி 1953இல் நூல் எழுதினார். நமது நாட்டில் 1986 அளவில் 'அனகி' என்னும் மண்ணடுப்பு உருவாயிற்று. ஒரே துண்டாகச் சுட்ட மண்ணில் இரு பானைகளுக்கு இடமுண்டு. முதற் பானையைத் தாண்டிவரும் வெப்பம் இரண்டாவதை வேகவைக்கும். குயவர் வனைந்து விற்கும் எளிய பொருள். மூன்றிலொரு பங்கு வரை விறகை மிச்சப்படுத்தவல்லது. எனினும் புகைபோக்கி இல்லாத குசினியில் அதுவும் புகையைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. கூரையைத் துளைத்துப் புகைபோக்கி வைக்க, கூரை தம்முடையதாக இருத்தல் வேண்டும். வாடகைக் கொட்டிலில் இருப்பவர் என்ன செய்வர்?

சமையற் கழிவைப் பசளையாக்கும் அறிவுரைக்கும் இதுவே கதி. மண்ணிலிருந்து எடுத்த சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடாத நகர வாழ்வைப் பற்றி, வேதியியலாளர் லீபிக்கைத் துணைக்கொண்டு, 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்திலேயே மார்க்ஸ் எழுதியுள்ளார். முருங்கை அடியிற் கொட்டும் வெங்காயத்தோல் அந்தச் சுழற்சியின் மிகச் சிறிய கண்ணி. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் நமது நகரின் கரையோரக் குடியிருப்புகளில் இரு வீடுகளுக்கிடையே ஆள் நுழையும் இடைவெளிகூட இல்லாத இடங்கள் உண்டு. அங்கே குழி வெட்டச் சொல்லும் ஆசிரியர் முதலில் மண்ணைக் காட்ட வேண்டும்.

நமது அணியைச் சேர்ந்த தோழர்களிடமும் ஒரு வார்த்தை. இவையெல்லாம் திசை திருப்பும் பேச்சுகள், சமுதாய அமைப்பு மாறும்வரை வீட்டிற் பை மாற்றி என்ன பயன் என்று சொல்வோர் உளர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. அதைப் பின்னர் சொல்வோம். மறு பாதி சோம்பல். சில மாதங்களுக்கு முன் நாமும் கலந்துகொண்ட இலக்கியக் கூட்டமொன்றில் உழைக்கும் மக்களைப் பற்றி நான்கு மணிநேரம் பேசினோம். மதியம் லன்ச் சீற்றிற் பொதிந்த சோறு, பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர். கூட்டம் கலைந்தபின் மண்டபத்தைக் கூட்டி அள்ளியவர்கள் இரு பெண்கள். அவர்கள் பேச்சைக் கேட்கவும் இல்லை, பேச அழைக்கப்படவும் இல்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் தத்தம் வீடுகளிலேயே புதைந்தனர். அங்கே வாழ்ந்தவர் தொழிலாளர் குடும்பத்தினர். குப்பை எவருடைய முற்றத்திற் போய் முடிகின்றது என்பது வர்க்கக் கேள்வி இல்லையென எவ்வாறு கூறுவது? அவ்வாண்டு செப்டெம்பரில் லன்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. தடை வர்த்தமானியில் இருக்கின்றது. நகரிலே கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் குப்பைமேட்டை மேய்வதை வாசகர் தாமே சென்று காணலாம்.

வேறொன்றும் உண்டு. துணிப்பையைத் தோய்ப்பதும், குப்பையைத் தரம் பிரிப்பதும், போத்தலைக் கழுவி அடுக்குவதும் யார் கையில் விழுகின்றன? இவ்வகைக் கட்டுரைகள் 'நாம்' என எழுதும்போது அந்த 'நாம்' அநேகமாக ஒரு பெண்ணே. வேலைக்கும் சென்று வீட்டையும் பார்ப்பவளுக்கு, பூமியையும் சேர்த்துப் பார்க்கும் கடமை புதிதாக ஏற்றப்படுகின்றது. ஆண் மாணவர் எழுதிய கட்டுரைகளை மீண்டும் புரட்டினோம். ஒருவனேனும், நான் பாத்திரம் கழுவுகிறேன் என எழுதவில்லை. (இதை எழுதும் நாமும், நம் வீட்டிற் சுளகு எங்கே தொங்குகின்றது என்பதைச் சென்ற கிழமைதான் அறிந்தோம்.)

முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் வாக்கியம் நமக்கு மிகவும் ஒவ்வாதது. கடகமும் நீத்துப்பெட்டியும் பன்பையும் அழகியவை, உதவியானவை, மறுப்பில்லை. பிளாஸ்டிக் இடியப்பத்தட்டு 2023 ஒக்டோபரிற் தடைசெய்யப்பட்டபின், பிரம்புத்தட்டை மீண்டும் தேடியவர் உண்டு. ஆனால் பன்பாய் இழைக்கும் பெண்ணுக்கு அவள் செலவிடும் நாட்களுக்கு ஈடான விலை என்றுமே கிடைத்ததில்லை. பழைய கிணற்றடியை மெச்சுவோர் கே. டானியலின் 'தண்ணீர்' நாவலைப் படித்தல் வேண்டும். கிணறு ஊருக்கு நடுவே இருந்தது. அள்ளும் உரிமை ஊருக்கு இருக்கவில்லை. குடம் ஏந்தி, எவரேனும் இரங்கி ஊற்றும்வரை காத்துநின்ற பெண்கள் நீரைச் சிக்கனமாகத்தான் பாவித்தனர். மூதூரிற் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்ற மீனவச் சிறுவனின் ஏக்கத்தை அதன் தலைப்புக் கதையில் நாம் கண்டோம். கடலைப் பேணுக என அச்சிறுவனுக்கு அறிவுரை கூறுவதற்கு முன், கடலில் அவனுக்கென்று என்ன உண்டு எனப் பார்க்க வேண்டாமா? நமது மாணவியின் தந்தைக்கு இன்றும் படகில்லை.

இப்போது அந்தப் பாதி உண்மை. 1953இல் அமெரிக்காவிற் போத்தல், தகரக் கலன் உற்பத்தியாளர்கள் கூடி, நாட்டை அழகாக வைத்திருப்போம் என்னும் பெயரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பும் போத்தலைக் கைவிட்டு, எறியும் போத்தலை விற்கத் தொடங்கிய காலம் அது. எறிந்தவனே குற்றவாளி என நாடெங்கும் பிரசாரம் செய்தனர், செய்தவன் தப்பினான். 2004இல் பிரித்தானிய எண்ணெய்க் கம்பனி பி.பி., ஒவ்வொருவரும் தம் அன்றாட வாழ்வினால் வெளியிடும் கரியைத் தாமே கணக்கிடுவதற்கு ஒரு கருவியை மக்களுக்கு வழங்கிற்று. எண்ணெய் தோண்டுபவன், விளக்கு ஏற்றுபவளிடம் கணக்குக் கேட்டான். நமது கட்டுரைகள் எங்கிருந்து இந்தத் தொனியைக் கற்றன என்பது இதனால் ஓரளவு புலப்படும். நமது கடைகளிற் சரம் சரமாகத் தொங்கிய சம்பூச் சிறுபைகளை எண்ணிப் பாருங்கள். நாட்கூலிக்காரியால் ஒரு போத்தலுக்குரிய பணத்தை ஒருசேரக் கொடுக்க முடியாது என்பதை அறிந்தே அவை செய்யப்பட்டன. உணவும் மருந்தும் தவிர்ந்த சிறுபைகளை 2021 மார்ச் 31 முதல் அரசு தடைசெய்தது. சட்டம் பையின் அளவைப் பார்த்தது; கூலியின் அளவை எந்தச் சட்டமும் பார்க்கவில்லை.

நமது மாவட்டத்தில் நிலைபேறு என்னும் சொல் இப்போது அடுப்படியைத் தாண்டி வயலுக்கும் வந்துவிட்டது. 2006இல் போரினாற் சம்பூரை விட்டகன்ற மக்களிற் பலர், 2015இன் பின்னரே தம் காணிகளிற் கால்வைத்தனர். அங்கே அமைக்கத் திட்டமிட்ட 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம், மக்கள் எதிர்ப்பின் பின் 2016இற் கைவிடப்பட்டது. அது நல்ல வெற்றி. அவ்விடத்தில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலிற் தொடக்கிவைக்கப்பட்டது. கரியைவிடச் சூரியன் மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டு முத்துநகரில், தாம் பயிரிட்டுவந்த நிலம் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, விவசாயிகள் மாவட்டச் செயலகத்தின் முன் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தனர். துறைமுகத்துக்குரிய நிலம் என்றது அரசு. நாம் உழுத நிலம் என்றனர் அவர்கள். பசுமைக் கண்ணாடித் தகடு நெல்வயலின்மேல் விரிக்கப்படும்போது, யாருடைய பானையில் அரிசி குறைகின்றது? வீட்டு விளக்கை அணைக்கச் சொல்லும் கட்டுரை, அந்த விளக்கின் மின்சாரம் எந்த வயலிலிருந்து வருகின்றது எனக் கேட்காவிட்டால் பாதியில் நின்ற கட்டுரையாகும்.

இந்தத் தவணை அதே தலைப்பைப் புதிய வகுப்புக்குக் கொடுத்தோம். கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகள் முதலில் திகைத்தனர், குறிப்புக் கேட்டனர், குறள் எதைப் போடுவது என்றனர். பின்னர் எழுதினர். எழுத்துப்பிழைகள் முன்னைவிட அதிகம். பதினொருவர் புகையைப் பற்றி எழுதியுள்ளனர். ஒரு மாணவி, தன் வீட்டிலிருந்து ஒரு கிழமையில் வெளியேறிய பொலித்தீனை எண்ணி, அதிற் பாதிக்குமேல் கடையிற் பொதியாக வந்ததென்றும், வேறுவகையில் வாங்க வழியில்லை என்றும் கணக்கெழுதியிருக்கிறாள். ஒரு பையன், தாங்கிகள் தொண்ணூற்றொன்பதிலும் மழைநீரைப் பிடித்தால் எத்தனை வீட்டுக்குக் காணும் எனப் பெருக்கிப் பார்த்திருக்கிறான், பெருக்கல் பிழை. அவனுக்கு எத்தனை புள்ளி இடுவதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பழைய மாணவியோ சாதாரண தரத்துடன் பாடசாலையை விட்டுவிட்டாள். அவளது தாள் நம் மேசையில் இருக்கின்றது. சிவப்பு மையை வெட்டி, புதிய புள்ளியைப் பக்கத்தில் எழுதியுள்ளோம். புள்ளிப் பதிவேட்டில் அதனை மாற்ற முடியாது.